மூன்றாவது திரை

அத்தியாயம் 17

பழைய லேப்டாப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டு மதி எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டாள். திரும்பி வந்தபோதும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"இன்னும் தொறக்கலையா?" என்றாள் மாமியார் பூமாரி, கூடத்தில் கால் நீட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "அதுக்கும் வயசாயிப்போச்சி மதி. என்னாட்டம் முட்டிவலி வந்துக்கீது."

"உங்களுக்காவது தைலம் தேய்க்கலாம் அத்த. இதுக்கு இன்னா தேய்க்கிறது?"

பூமாரி சிரித்தாள். மதியும் சிரித்தாள்.

எட்டு வருடம் திருவொற்றியூர் ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்த மதி, மூன்று வாரத்துக்கு முன் அதை விட்டுவிட்டு வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை மாவு பூசின மாதிரி வெளுத்துப் போடச் சொன்னார் முதலாளி. "அந்தப் பொண்ணு பார்த்தா, இது யாருன்னு கேக்கும் சார்" என்றாள் மதி. பேச்சு வளர்ந்தது. அன்று மாலையே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே வந்தவளுக்கு முதல் வேலையைத் தேடிக் கொடுத்தவள் நாத்தனார் எழில்மொழி. எழில் வேலை பார்க்கும் கன்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் கூட இருக்கும் அனிஷாவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. மொத்தப் படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த அனிஷா, ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். "என் நிறத்தை மட்டும் மாத்திராதீங்கக்கா."

அதைக் கேட்டு மதி எத்தனை சந்தோஷப்பட்டாள்! ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து ஐந்து படங்களைச் சரிசெய்து லேபுக்கு மாதிரி அனுப்பினாள். போன வாரம் பிரிண்ட் வந்தது. உறையைப் பிரித்ததும் அவளுக்குப் பகீர் என்றது. ஒவ்வொரு முகமும் நாள் முழுக்க வெயிலில் நின்ற மாதிரி சிவந்து கிடந்தது. லேப்டாப்பில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. தாளில்தான் சிவப்பு.

அப்போதுதான் புரிந்தது. பழைய திரை நாளாக நாளாகப் பச்சை பூத்துப் போயிருக்கிறது. அந்தப் பச்சையைப் போக்குவதாக நினைத்து இவள் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

செல்போன் அடித்தது. அனிஷாதான்.

"அக்கா, அவசரப்படுத்துறேன்னு நெனைக்காதீங்க. ஷிபின் இருபத்திரெண்டாந்தேதி கப்பலேறுறாரு. போனா எட்டு மாசம். அதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து ஒரு தடவையாவது ஆல்பத்தைப் பாத்துரணும்லா?"

"பாத்துரலாம்மா. நான் குடுத்துர்றேன்."

சொல்லிவிட்டாள். இருபத்திரெண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதில் லேபுக்கு ஒரு வாரம் போய்விடும். மிச்சம் ஐந்து நாள்.

திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மதி, கெளம்பு!"

வாசலில் கணவன் வல்லரசு நின்றான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறவன். வேலை நாளில் இந்நேரத்துக்கு எண்ணூர் சாலையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பான். இன்று தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தான்.

"எங்க போறோம்ப்பா?"

"லேப்டாப்பு வாங்கத்தான். லீவு சொல்லிட்டேன். வா, வா, நேரமாவுது."

மதி அடுப்பை மாமியாரிடம் ஒப்படைத்து, பென்டிரைவையும் லேபிலிருந்து வந்த அந்தச் சிவந்த பிரிண்ட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு, வாரிய தலையை மறுபடி ஒருமுறை வாரினாள்.

"பொறுமையா பார்த்து வாங்குங்க" என்றாள் பூமாரி. "சும்மா அவன் காட்டுறத தலையாட்டி வாங்கிகினு வந்துராத."

அதை மாமியார் எதற்குச் சொன்னாள் என்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்தான் மதிக்கு விளங்கியது.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வரலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. பைக்கை அணைத்துவிட்டு வல்லரசு திரும்பிச் சிரித்தான். ரகசியத்தை வாயில் அடக்கி வைத்திருக்கிற சிரிப்பு.

"மதி, உன்கைல ஒண்ணு சொல்லட்டா? தேடிப் பார்க்கிற வேலையே இல்ல. நான் போன வாரமே முடிச்சிட்டேன்."

"இன்னா முடிச்ச?"

"லேப்டாப்பு. எத்திராஜ் இல்ல, நம்ம யார்டுல? அவன் புள்ள கேமு ஆடுறதுக்கு ஒண்ணு வாங்கிக்கீறான். அத்தப் பார்த்தேன். மெர்சலாய்ட்டேன் மதி! கீபோர்டு பூரா லைட்டு. செவப்பு, பச்ச, ஊதான்னு அப்டியே ஓடிகினே கீது. ராக்கெட்டு ஸ்பீடு. அதே மாடல் சொல்லி அட்வான்ஸும் குடுத்துட்டேன். இப்போ போறோம், தூக்குறோம், வர்றோம்."

மதி தோள்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"இன்னா, சந்தோஷமா இல்லியா?"

முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் மதி. இவன் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட இரண்டு நடை கூடுதலாக ஓட்டியது எதற்கென்று இப்போது தெரிந்தது. மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் கேட்டாள்.

"ஒரு வார்த்த என்னைக் கேட்டியா?"

"சர்ப்ரைஸ்டி!"

"எட்டு வருசம் அந்த ஸ்டுடியோவுல வேல செஞ்சேன். ஒரு தபாகூட யாரும் என்னைக் கேட்டதில்ல. மொதலாளி வாங்கி வெச்சதுல உக்காந்தேன். ஸ்க்ரீன் மங்கிப்போச்சி சார்னா, கண்ணைத் தொடச்சிகினு பாருன்னாரு. இப்போ என் சொந்த வேல. இதையும் வேற ஒருத்தர் பார்த்து வாங்கி, நான் உக்காரணுமா?"

குரல் உயரவில்லை. அதுதான் வல்லரசுவைப் பேஜார் பண்ணியது. அவள் கத்தியிருந்தால் இவனும் கத்தியிருப்பான். கேட் திறக்கிற வரைக்கும் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பெட்டி கடந்தது. மணி நின்றது. வண்டிகள் உறுமின.

"சரி" என்றான் வல்லரசு, முகத்தைத் திருப்பாமல். "நீயே பாரு. ஆனா அது நல்ல மெஷினு. சொல்ட்டேன்."

"பாக்குறேன். நல்லா இருந்தா அதையே வாங்கிக்கலாம்."

தேரடி தாண்டி முதல் மாடியில் இருந்தது அந்தக் கடை. ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது. தாஹிரா என்று பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தியிருந்த பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையை மூடிய சாம்பல் நிறத் துணியின் ஓரத்தில் ஒரு பேனா செருகியிருந்தது.

"வாங்க சார், உங்க பீஸ் ரெடியா இருக்கு. பில் போட்டுறலாமா?"

"இரும்மா" என்றான் வல்லரசு. "மேடம் பார்க்கணுமாம்."

அந்த 'மேடம்' கொஞ்சம் குத்தலாகத்தான் விழுந்தது. மதி கண்டுகொள்ளவில்லை.

காட்சிக்கு வைத்திருந்த அதே மாடலைத் தாஹிரா திறந்தாள். வல்லரசு சொன்னது பொய்யில்லை. கீபோர்டில் நிறங்கள் அலை மாதிரி ஓடின. பென்டிரைவைச் செருகி மதி ஒரு படத்தைத் தட்டினாள். தட்டிய விரல் மேலே எழுவதற்குள் படம் வந்து நின்றது.

"பார்த்தியா?" என்றான் வல்லரசு. "சும்மா சொன்னேனா?"

வேகத்தைப் பார்த்து மதிக்கே ஆசை வந்துவிட்டது. பெரிய படங்கள் பத்தை ஒரே நேரத்தில் திறந்தாள். சிணுங்காமல் திறந்தது. அதில் ஒன்று, கேமராவிலிருந்து வந்தபடியே அவள் இன்னும் கை வைக்காத படம். அனிஷாவின் வரவேற்பில், சாப்பாட்டுக் கூடத்தில் பூமாரி ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

மதி தள்ளி நின்றாள். வல்லரசு குனிந்து பார்த்தான்.

"அம்மா ஜோரா கீது" என்றவன், இன்னும் குனிந்து, "ஆனா இன்னா... பொடவை வேற மாதிரி கீதே" என்றான்.

"எப்டி கீது?"

"இது நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது. அரக்குக் கலரு. கடைல முப்பது பொடவையப் பிரிச்சிப் போட்டுத் தேடினது. இதுல செங்கல் மாதிரி கீது." அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "மூஞ்சும் சாம்பல் பூத்துக்கீது. ஒடம்புக்கு முடியாதவங்க மாதிரி."

தாஹிரா மெல்லச் சொன்னாள். "சார், இது கேமுக்கு நல்ல மெஷின். வேகம் எல்லாம் உள்ளே போட்டுட்டாங்க. ஸ்க்ரீன்ல நிறம் கம்மி. சண்டை போடுறவங்களுக்கு அது போதும். அக்கா போட்டோ பார்க்கிறவங்கன்னு நீங்க அன்னைக்குச் சொல்லவேயில்லையே?"

"நீ கேக்கலியேம்மா."

"கேட்டேன் சார். 'எல்லாத்துக்கும்'னு சொன்னீங்க."

வல்லரசு பிடரியைச் சொறிந்தான். மதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வேற காட்டுங்க" என்றாள்.

இரண்டாவதாக வந்தது, சாப்பாட்டுத் தட்டுபோல மெல்லிசாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு லேப்டாப். தாஹிரா அதைத் திறந்ததும் பக்கத்தில் வேறெதற்கோ வந்து நின்ற இருவர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்பு அப்படியொரு கறுப்பு. அனிஷாவின் மாலையில் ரோஜா ஒவ்வொன்றும் இப்போதுதான் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

"இதான்!" வல்லரசு மேசையைத் தட்டினான். "மதி, இதான் லேப்டாப்பு! எம்மாம் அழகா கீது பாரு. இதையே எடுத்துரு. நான் ஒண்ணியும் சொல்லல."

மதி பையிலிருந்து பிரிண்ட்டுகளை எடுத்தாள். லேபிலிருந்து வந்த அந்தச் சிவந்த படம். அனிஷாவும் ஷிபினும் சர்ச் வாசலில் நிற்கிறார்கள். பென்டிரைவில் அதே படத்தைத் தேடித் திறந்தாள். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

தாளில் அனிஷாவின் கன்னம் சிவந்து கிடந்தது. திரையிலோ தேன் தடவினது மாதிரி மின்னியது. ஷிபினின் கோட்டு நீலம் கண்ணைப் பறித்தது. தாளில் அது சாதாரண நீலம்.

"இல்லப்பா" என்றாள்.

"இன்னா இல்ல?"

"இது எல்லாத்தையும் அழகாக் காட்டுது. நான் தப்பு பண்ணி வெச்சதையும் அழகாத்தான் காட்டுது. இத நம்பி லேபுக்கு அனுப்பினா மறுபடி இதே மாதிரிதான் வரும்."

"அழகா கீறது ஒரு குத்தமா?"

"பார்க்கிறவங்களுக்கு இல்ல. செய்றவளுக்குக் குத்தம்."

தாஹிரா மதியை இப்போது வேறு விதமாகப் பார்த்தாள். தலைத்துணியிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் உருட்டினாள். "இதுலயும் செட்டிங் மாத்தினா கொஞ்சம் அடங்கும். ஆனா அக்கா, உள்ளே ஒண்ணு இருக்கு. அதை யாரும் கேட்க மாட்டாங்க. பார்க்க ஒண்ணும் இருக்காது. காட்டட்டுமா?"

மூன்றாவது லேப்டாப் நிஜமாகவே பார்க்க ஒன்றும் இல்லை. சிமென்ட் நிறம். கொஞ்சம் கனம். கீபோர்டில் வெள்ளை விளக்கு மட்டும். திரையில் பளபளப்பே இல்லை. எதிரே நின்ற வல்லரசுவின் முகம்கூட அதில் தெரியவில்லை.

"ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆளு மாதிரி கீது" என்றான் அவன்.

மதி அதே சர்ச் வாசல் படத்தைத் திறந்தாள்.

அனிஷாவின் கன்னம் சிவந்து இருந்தது. ஷிபினின் காது சிவந்து இருந்தது. பின்னால் நின்ற பாதிரியாரின் வெள்ளை அங்கியில்கூட லேசான ரோஸ் ஏறியிருந்தது. தாளைப் பக்கத்தில் பிடித்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தாள். இரண்டும் ஒன்று.

தாளை மேசையில் திரையோடு சாய்த்து வைத்தாள்.

"மதி, இது எல்லாத்தவுட மோசமா கீது" என்றான் வல்லரசு. "அந்தப் பொண்ணு மூஞ்சப் பாரு, யாரோ அறைஞ்ச மாதிரி கீது."

"தாளைப் பாரு."

பார்த்தான்.

"தாள்லயும் அறைஞ்ச மாதிரிதான் கீது."

"அதான்ப்பா! என் தப்பு இதுலதான் எனக்குத் தெரியுது. தெரிஞ்சாத்தானே திருத்த முடியும்? போன வாரம் இது என்கைல இருந்திருந்தா இந்தப் படத்த இப்டி அனுப்பியே இருக்க மாட்டேன்."

வல்லரசு தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் கையை நீட்டி, திரையில் ஷிபினின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இந்த ஆராய்ச்சி எதற்கென்று அவனுக்கே தெரியாது. ஆனால் எதையோ ஒப்புக்கொண்டவன்போலத் தலையை ஆட்டினான்.

"லைட்டு மட்டும் ஓடியிருக்கலாம்" என்றான் ஏக்கமாக.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

கொடுத்த முன்பணத்தை இதற்கே மாற்றிக்கொள்ளலாம் என்று தாஹிரா சொன்னாள். ரேமை இப்போதே கூட்டிப் போட்டுக்கொண்டால் பெரிய ஆல்பத்துக்கும் திணறாது என்றாள். "அதைப் போட்டே குடுங்க" என்றாள் மதி. இத்தனை வருடத்தில் கருவி என்று ஒன்றை அவளே கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

வல்லரசு பை, மவுஸ் எல்லாம் சும்மா கொடுக்க வேண்டும் என்று தாஹிராவிடம் பேரத்தில் இறங்கினான். அதில் அவனை யாராலும் ஜெயிக்க முடியாது. மதி அந்த நேரத்தில் பூமாரியின் படத்தை இந்தத் திரையில் திறந்து பார்த்தாள். புடவை அரக்காக இருந்தது. மாமியாரின் மாநிறம் மாநிறமாகவே இருந்தது. படத்தின் பின்பக்கம்தான் ஒரே இருட்டு. இருட்டில் எவ்வளவு விவரம் வருகிறது என்று பார்க்க, நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினாள்.

இருட்டு மெல்ல விலகியது. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. ஒரு தூண் தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் இரண்டு பேர்.

மதி படத்தைப் பெரிதாக்கினாள்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் எழில்மொழி உட்கார்ந்திருந்தாள். அவள் காலருகே ஓர் இளைஞன் ஒற்றை முழங்கால் ஊன்றி, அவள் செருப்பின் வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எழிலின் கை அவன் தலைமேல் இருந்தது. கையூன்ற வேறு இடமில்லாமல் வைத்த கை இல்லை அது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பை இந்த ஆறு வருடத்தில் வீட்டில் ஒருநாள்கூட மதி பார்த்ததில்லை.

"மதி! மவுஸும் பையும் வாங்கிட்டேன்!" வல்லரசு திரும்பினான். "இன்னா பார்க்கிற?"

மதியின் விரல் அடுத்த படத்துக்குத் தாவியது. மேடை, மாலை, மொய்க் கவர்கள்.

"ஒண்ணுமில்லப்பா. நல்லா தெரியுதான்னு பார்த்தேன். நல்லா தெரியுது."

வீடு திரும்பும்போது புது லேப்டாப்பின் அட்டைப்பெட்டி மதியின் மடியில் இருந்தது. கடல் காற்று உப்பாக வீசியது. டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. தெரிந்த டிரைவர் ஒருவர் ஜன்னலிலிருந்து, "இன்னா மாமு, டி.வி.யா?" என்று கத்தினார். "வூட்டுக்காரம்மா வாங்கினது! லேப்டாப்பு!" என்று வல்லரசு பதிலுக்குக் கத்தினான். 'நான் வாங்கினது' என்று அவன் சொல்லவில்லை. மதி அதைக் கவனித்தாள். அவன் தோளில் இருந்த கையைக் கொஞ்சம் அழுத்தினாள்.

அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே அந்தப் படத்தையும் நினைத்துக்கொண்டு வந்தாள். சொல்வதா? எழிலின் விஷயத்தை எழில்தான் சொல்ல வேண்டும். ஆனால் வல்லரசுவிடம் மறைத்து ஒரு நாளும் பழக்கமில்லையே. முதலில் எழிலைக் கேட்டுவிடுவது என்று எம்.கே.பி. நகர் திருப்பத்தில் முடிவு செய்தாள்.

எழில்மொழி ஆறு மணிக்கு வந்தாள். வந்ததும் பையைக்கூட வைக்காமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். "அண்ணி, சூப்பர்! இன்னா அடக்கமா கீது! அண்ணன் செலக்சன்னா நைட் கிளப்பு மாதிரி இருக்கும்னு பயந்துகினே வந்தேன்."

வல்லரசு கீழே, பக்கத்து வீட்டுக்காரரிடம் ரேம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தான். பூமாரி அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். புதுச் சாமான் வந்த நாளில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் இருக்க முடியாது அவளுக்கு.

மதி அந்தப் படத்தைத் திறந்து, தூணுக்குப் பக்கத்து இடத்தைப் பெரிதாக்கினாள்.

எழில் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மதி காத்திருந்தாள். அழுவாளோ, கோபப்படுவாளோ, கெஞ்சுவாளோ என்று எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

எழில் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அண்ணி," என்றாள் ரகசியமாக, "இது எவ்ளோ நல்லா வந்துக்கீது! எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தர்றியா?"

தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் மதிக்கு வீணாய்ப் போயின.

"அடிப்பாவி! யாருடி அது?"

"சாவியோ. எங்க ஆபீஸ்தான். ராயபுரம். செருப்பு வாரு கழண்டுபோச்சி, பொடவையோட குனிய முடியல, அதான்..." பாதியில் நிறுத்தி அவளே சிரித்தாள். "ரெண்டு வருசமாச்சி அண்ணி. உன்கைல சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலைய வுட்டுட்டு வந்து ஒக்காந்திருந்த. அந்த நேரத்துல இதையும் சொல்லி பேஜார் பண்ண வேணாம்னு..."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அம்மாதான் அவங்க அம்மாவ வரச் சொல்லிச்சி. ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசை முடிச்சிகினு வர்றாங்க."

மதி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். பூமாரி வடையைத் திருப்பிப் போட்டபடி, இந்தப் பக்கம் பார்க்காமலேயே, "எண்ணெ காய்ஞ்சிகினு கீது, யாரும் கிட்ட வராதீங்க" என்றாள்.

"அப்போ ஒங்க அண்ணனுக்குத்தான் தெரியாது."

"அதுக்குத்தான் அண்ணி உன்னக் கேக்கலாம்னு..."

படியில் செருப்புச் சத்தம். வல்லரசு உள்ளே வந்தான்.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்துகினு இன்னா படம் பார்க்கிறீங்க? எனக்கும் காமி."

மதியின் விரல் தொடுபலகையில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் படம் போய்விடும். அவள் எழிலைப் பார்த்தாள். எழில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு அவளே லேப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாருண்ணா."

வல்லரசு குனிந்தான். குனிந்தவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண் எழிலின் முகத்தில் வெகு நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, முழங்கால் ஊன்றியவனின் கைகளுக்கு வந்தது.

"புள்ள பேரு இன்னா?"

"சாவியோ."

"வூடு?"

"ராயபுரம்ணா. ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா நம்ம வூட்டுக்கு..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இன்னாத்துக்கு?"

வல்லரசு எழுந்து ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தான். பூமாரி கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். "டேய் நைனா, எங்கடா?" என்றாள். அவன் செருப்பை மாட்டினான். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. டிரெய்லரைக் குறுகலான கேட்டில் பின்னால் எடுக்கும்போது இருக்கிற முகம் அது. மதிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மதி" என்றான். "ராயபுரம் போறோம். நீயும் வா."

மதி லேப்டாப்பை மூடவில்லை. துப்பட்டாவை எடுத்து மேலே போட்டுக்கொண்டு, அவன் பின்னால் படியிறங்கினாள்.